மகிழடியும் ரொடரிகோவும்

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தைப் படித்தவர்களிடத்தும் மேடையில் கண்டவர்களிடத்தும் அதன் பாத்திரங்களைப் பற்றி விசாரித்தால், வீண் சந்தேகத்துக்கு இரையாகித் தன் கையாலேயே தன் வாழ்வை அழித்துக்கொண்ட தளபதியையும், குற்றம் ஒன்றும் அறியாமல் படுக்கையிலே மூச்சடக்கப்பட்டு மாண்ட டெஸ்டிமோனாவையும், இருவரையும் அழித்த பிறகு இனி வாய் திறப்பதில்லை என்று பிடிவாதமாய் நின்ற இயாகோவையும் சொல்லுவார்களேயன்றி, ரொடரிகோ என்ற வெனிஸ் நகரத்துச் செல்வந்தனின் பெயரைச் சொல்லுவோர் அரிது. ஆயினும் அந்த நாடகத்தில் முதல் வசனத்தைப் பேசுகிறவன் அவன்தான்; உயிரிழப்போர் வரிசையில் முதலில் குத்துண்டு விழுகிறவனும் அவன்தான். 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் 'ஒதெல்லோ'வின் பாத்திரங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலே இவன் பெயருக்கு நேரே, ஏமாற்றப்பட்ட கனவான் என்று பொருள்படும் குறிப்பு ஒன்று அச்சாகியிருக்கிறது. பிறர் பலருக்குப் பதவியோ உறவோ அடையாளமாக இருக்க, இவனுக்கு ஏமாந்ததே உத்தியோகம்.

இந்தக் கதையை ஷேக்ஸ்பியர் 1565இல் அச்சான ஸின்தியோ என்னும் இத்தாலியரின் கதைத்தொகுதியிலிருந்து எடுத்துக்கொண்டார். மூல கதையில் மூர்த் தளபதி உண்டு, மனைவி உண்டு, சூழ்ச்சிக்காரன் உண்டு, ரொடரிகோ இல்லை. அவன் ஷேக்ஸ்பியரின் சொந்த சிருஷ்டி. மூலத்தில் இல்லாத ஒருவனை ஒரு பெரிய நாடகாசிரியர் வலிந்து உண்டாக்கி, முதல் வரியிலேயே பேசவைத்து, ஐந்தாம் அங்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாரானால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். பெரியவனை எப்படி வீழ்த்தப்போகிறான் என்பதை இயாகோ முதலில் சிறியவனிடத்தில் பழகிக் காட்டுகிறான் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டென்பது என் அபிப்பிராயம். காதல் நோய் கொண்டவன் அறிவு மயங்கியதனால் ஏமாறுகிறான் என்று உலகம் சொல்லுகிறது. ஆனால் அவன் உண்மையில் ஏமாறுவது, தன் காரியத்துக்கு ஒரு தூதன் அமைந்துவிட்டான், அவன் தன் ஆள் என்று மனம் நிம்மதி அடைகிற இடத்தில். தான் சாமர்த்தியசாலி என்று அவன் எண்ணிக்கொள்ளும் அந்த இடத்திலேதான் அவன் கண் அவிகிறது.

இதை விளங்கிக்கொள்ள நாம் வெனிஸ் நகரம் வரைக்கும் கப்பலேற வேண்டியதில்லை. இராயபுரத்தையும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையும் கடந்து, துறைமுகத்துக்குள் நுழைவதற்காக வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே வழி தேடிக்கொண்டு, எண்ணூரை நோக்கி வடக்கே போகிறவர்கள் திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கினால் போதும். தீப்பெட்டித் தொழிற்சாலையும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் இந்தக் கடற்கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இங்குள்ள தியாகராஜ சுவாமி கோயிலில், காதல் வசப்பட்ட ஒருவர் தூதுவர் ஒருவரை நம்பி ஏமாந்த கதை நடந்ததாகச் சேக்கிழார் பாடியிருக்கிறார். ஏமாந்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். ஏமாற்றிய தூதுவர் வேறு யாருமல்லர், அவ்வூர்ப் பெருமானே. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்ற பெயரால் இந்த நிகழ்ச்சி இன்றும் அக்கோயிலில் கொண்டாடப்படுகிறது. பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள்ளே வரும் இப்பகுதியை நாடகமாக எண்ணிப் படிப்பவர்களுக்கு, இதிலுள்ள காட்சியமைப்பின் நுட்பம் வியப்பைத் தரும்.

சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குலத்துப் பெருமகனார் ஒருவருக்கு மகளாய்ப் பிறந்தவர். மணப்பேச்சு எழுந்தபோது மயங்கி வீழ்ந்து, சிவனடியார் ஒருவருக்கே தாம் உரியவர் என்று சொன்னதனால், பெற்றோர் அவரைத் திருவொற்றியூரிலே கன்னிமாடம் அமைத்து இருத்தினார்கள். அங்கே அவருக்குப் பூமாலை கட்டுவதே பணி. தல யாத்திரையாக வந்த சுந்தரர், பூமண்டபத்தில் திரை ஒருகணம் விலகியபோது அவரைக் கண்டார். அந்த ஒரு கணந்தான். பிறகு திரை மூடிவிட்டது. சுந்தரர் நேரே சன்னிதிக்குப் போய், அந்தப் பெண்ணைத் தமக்குத் தரவேண்டும் என்று விண்ணப்பம் செய்துகொண்டார். அன்றிரவு உறக்கமின்றிக் கோயிலருகே கிடந்தவரிடம் பெருமானே வந்து, காரியத்தை முடித்துத் தருவதாக வாக்களித்தார். சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். ஆண்டவனைத் தோழனாகப் பெற்றவருக்கு வேறு தூது எதற்கு?

இங்கேதான் நாடகம் தொடங்குகிறது. பெருமான் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சுந்தரரைப் பற்றிச் சொல்ல, அந்தப் பெண், இக்காலத்து வழக்கறிஞர்களும் மெச்சத்தக்க ஒரு கேள்வியைப் பணிவோடு எழுப்புகிறார்: அவர் திருவாரூரிலே மனைவி பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவராயிற்றே, என் கதி என்ன? பெருமான், உன்னைப் பிரிவதில்லை என்று அவன் சபதம் செய்வான் என்று சொல்லிவிட்டுச் சுந்தரரிடம் திரும்பினார். சபதம் என்றவுடன் சுந்தரருக்குச் சங்கடம் பிறந்தது. ஓரூரிலேயே நின்றுவிட்டால் மற்றத் தலங்களைப் பாடிப் பணிவது எப்படி என்று யோசித்தார். யோசித்து ஒரு யுக்தி கண்டார். சன்னிதியிலே செய்தால்தானே சபதம் கட்டுப்படுத்தும்? ஆகையால், நான் அந்தப் பெண்ணோடு சபதம் செய்யச் சன்னிதிக்கு வரும் சமயத்தில் தாங்கள் மூலஸ்தானத்தை விட்டு அந்த மகிழ மரத்தடியிலே போய் இருக்கவேண்டும் என்று தோழமை உரிமையோடு கேட்டுக்கொண்டார். பெருமானும் அப்படியே ஆகட்டும் என்றார். சொல்லிவிட்டு நேரே சங்கிலியாரிடம் போய், அவன் சன்னிதியிலே சபதம் செய்ய வருவான், நீ அதற்கு இசையாமல் மகிழ மரத்தடியிலே செய்யும்படி கேள் என்று சொல்லிக்கொடுத்தார்.

மறுநாட் காலை. சுந்தரர் உற்சாகமாகச் சன்னிதிக்கு அழைக்கிறார். சங்கிலியார் நாணத்தால் ஒதுங்கி நிற்க, கனவின் உட்பொருளை அறிந்திருந்த தோழிமார், சன்னிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியே போதும் என்கிறார்கள். சுந்தரர் திகைக்கிறார். மறுத்தால் மணம் நிகழாது. இசைந்தால் தப்ப வழியில்லை. காரியம் கைகூடுவதற்கு இதுவே வழியென்று கண்டு, மகிழை வலம் வந்து சபதம் செய்கிறார். தாம் காலி செய்துவைத்த சன்னிதி காலியாகவே இருக்க, தாம் அனுப்பிய இடத்திலேயே ஆண்டவன் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். கண்ணி வைத்தவரே அதில் சிக்கினார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சேக்கிழாரின் நயம் அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்பாலும் செல்கிறது. மறைந்து நின்று இதைப் பார்த்த சங்கிலியாரின் மனம், ஐயோ, இவரை இப்படிச் சபதம் செய்யவைத்துவிட்டோமே என்று நைந்து போகிறது. ஏமாற்றப்பட்டவருக்காக ஏமாற்றத்தினால் பயனடைந்தவர் வருந்துகிறார். உலக நாடகங்களில் இப்படியொரு கட்டம் சுலபமாகக் கிடைப்பதன்று.

இனி ரொடரிகோவிடம் வருவோம். டெஸ்டிமோனாவின் மேல் கொண்ட மோகத்தினால் அவள் வீட்டு வாசலையே சுற்றிச் சுற்றி வந்து, இங்கே வராதே என்று அவள் தந்தை பிரபான்ஷியோவால் துரத்தப்பட்டவன் அவன். அவனுடைய பணப்பையை இயாகோ தன்னுடையதுபோலவே பாவித்து வருகிறான் என்பதை நாடகத்தின் முதல் சில வரிகளிலேயே நாம் அறிகிறோம். அப்படியிருந்தும், டெஸ்டிமோனா ஒதெல்லோவை ரகசியமாக மணந்துகொண்ட செய்தி இவனுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. கூலி வாங்கிய தூதன் தலையாய செய்தியைச் சொல்லவில்லை என்றால் சாதாரண அறிவுள்ள எவனும் அவனை அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பான். ரொடரிகோ குறைப்பட்டுக்கொள்கிறான், ஆனால் அனுப்பவில்லை. இயாகோ அவனைத் தன் எதிரிக்கு எதிரி என்ற நிலையில் நிறுத்தி, நள்ளிரவில் பிரபான்ஷியோவின் வீட்டு வாசலில் கூச்சலிடும் பணியில் ஈடுபடுத்திவிடுகிறான். ஏமாற்றுகிறவனின் முதல் உபாயம் இதுதான்: குறைகூற வந்தவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது. வேலையில் இறங்கியவன் கேள்வி கேட்பதை மறந்துவிடுகிறான். அன்றிரவு பிரபான்ஷியோவும், இந்த மூருக்குப் பதில் உனக்காவது மகளைக் கொடுத்திருக்கலாமே என்று அங்கலாய்க்கிறார். காலம் கடந்து வந்த அந்த ஒரு வார்த்தை, பாவம், அவனுக்கு எத்தனை போதையை ஊட்டியிருக்கும்!

திருமணம் வெனிஸ் ஆட்சிச் சபையில் அங்கீகரிக்கப்பட்டபின், தண்ணீரில் விழுந்து சாகிறேன் என்கிறான் ரொடரிகோ. நம் அகப்பொருள் மரபை அறிந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பழகிய இடமாகத் தோன்றும். காதல் கைகூடாத தலைவன் மடலேறுவேன், வரை பாய்வேன் என்று சொல்வதும், அவனுடைய பாங்கன், உன்னைப் போன்ற ஒருவன் இப்படி மயங்கலாமா என்று இடித்துரைப்பதும் அங்கே நியதியாக அமைந்தவை. இடித்துரைத்த பாங்கன் பிறகு தலைவனின் நிலையறிந்து உதவவும் செய்வான். இயாகோ இந்தப் பாங்கனின் பாத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறான். சாவதாவது, வெட்கமில்லையா, நம் உடம்பு ஒரு தோட்டம், அதை எப்படிப் பயிரிடுவது என்பது நம் சித்தத்தைப் பொறுத்தது என்ற பொருள்படத் தத்துவம் பேசுகிறான். பேச்சிலே தவறு காண முடியாது. எந்த ஞானியும் அதைச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் தத்துவம் முடிகிற இடத்தில் பணம் தொடங்குகிறது. பையில் பணத்தை நிரப்பிக்கொள் என்பதை ஒரே மூச்சில் வெவ்வேறு வகையாகத் திருப்பித் திருப்பிச் சொல்லுகிறான். நடுநடுவே, அவள் மூரின்மேல் சலிப்படைவாள், அவன் அவள்மேல் சலிப்படைவான், பிறகு அவள் உன்னுடையவள் என்று தூவுகிறான். ரொடரிகோ நிலபுலன்களை விற்கப் புறப்படுகிறான். அவன் வெளியேறிய கணமே இயாகோ நம்மைப் பார்த்து, முட்டாள்களைத் தன் பணப்பையாக ஆக்கிக்கொள்வது தன் வழக்கம் என்ற கருத்தைத் தெரிவிக்கிறான். இடித்துரைக்கும் பாங்கனைத் தமிழ் இலக்கணம் தலைவனின் உயிர்த்துணையாக வைத்தது. அந்தத் துணையின் வேஷத்தையே திருடிப் போட்டுக்கொள்ளும் ஒருவன் வந்தால் தலைவன் என்ன ஆவான் என்பதை வெள்ளைக்காரர் நாடகம் நமக்குக் காட்டுகிறது.

பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு சைப்ரஸ் தீவுக்கு வந்துசேர்ந்த ரொடரிகோவுக்கு அங்கே புதிதாக ஒரு எதிரி அறிமுகமாகிறான். டெஸ்டிமோனா, ஒதெல்லோவின் துணைத்தளபதி காஸியோவைக் காதலிக்கிறாள் என்கிறான் இயாகோ. ரொடரிகோ உடனே நம்பிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் அப்படிப்பட்டவள் அல்லள், புனிதமானவள் என்று மறுக்கிறான். ஒதெல்லோவுக்கு இல்லாத தெளிவு இந்தக் கணத்தில் அந்த அசடனுக்கு இருந்தது! ஆனால் இயாகோ, அவள் காஸியோவின் கையைத் தொட்டதைப் பார்க்கவில்லையா என்று கேட்டு, சாதாரண மரியாதையைக் காமத்தின் முன்னுரையாக வியாக்கியானம் செய்துவிடுகிறான். விளைவாக ரொடரிகோவின் ஆத்திரம் ஒதெல்லோவை விட்டுக் காஸியோவின் பக்கம் திரும்புகிறது. அன்றிரவே குடிவெறியில் இருந்த காஸியோவை வம்புக்கு இழுத்து அவன் பதவி பறிபோகக் காரணமாகிறான் ரொடரிகோ. தானும் நன்றாக அடிபடுகிறான். பணமும் தீர்ந்தது, முதுகும் வீங்கியது, இனி வெனிஸுக்கே திரும்பிவிடுகிறேன் என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னவனுக்கு, பொறுமையில்லாதவன் ஏழை என்று உபதேசம் கிடைக்கிறது. மறுபடியும் தங்கிவிடுகிறான்.

ஒரு விஷயம் பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. நாடகம் முழுவதிலும் ரொடரிகோவும் டெஸ்டிமோனாவும் ஒரு வார்த்தைகூட ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. அவன் இயாகோவின் மூலம் அனுப்பிய ஆபரணங்கள் அவள் கைக்குப் போகவே இல்லை. அப்படியொரு தூது நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. மகிழடியிலும் மணம் நிகழும்வரை சுந்தரரும் சங்கிலியாரும் நேரில் உரையாடவில்லை. எல்லாம் தூதர் வழியாகவும் தோழியர் வழியாகவுமே நடக்கிறது. இரண்டு கதைகளின் எலும்புக்கூடும் ஒன்றுதான். இருவருக்கிடையே உள்ள ஒரே பாதை தூதன். அந்தப் பாதையில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்பது அவன் இஷ்டம். வித்தியாசம், தூதன் ரகசியத்தை எங்கே சேர்க்கிறான் என்பதில் இருக்கிறது. இயாகோ எல்லோருடைய ரகசியத்தையும் தன்னிடமே வைத்துப் பூட்டிக்கொள்கிறான். ஒற்றியூர்ப் பெருமான் ஒருவரின் ரகசியத்தை, அது யாருக்குத் தீங்கு செய்யுமோ அவரிடமே கொண்டுபோய்ச் சொல்லிவிடுகிறார். தோழனுக்குச் செய்த துரோகமாகத் தோன்றுவது, ஆதரவற்ற ஒரு பெண்ணுக்குச் செய்த நியாயமாக முடிகிறது. சுந்தரர் தூதரைத் தம் கட்சிக்காரர் என்று நினைத்தார், தூதரோ நடுவராயிருந்தார்.

துறைமுகத்தை அண்டி வாழும் வடசென்னை மக்களுக்கு இந்தத் தூதர்களின் இலக்கணத்தை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலை வாங்கித் தருகிறேன், வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன், மேலிடத்தில் எனக்குச் செல்வாக்கு உண்டு என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கும் தரகர்கள் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. பணம் கொடுத்தவர் கேட்கப் போனால், காரியம் முடிகிற நிலையில் இருக்கிறது, நடுவிலே ஒருத்தன் முட்டுக்கட்டை போடுகிறான், அவனைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பார்கள். நடுவில் நிற்கும் அந்த ஒருத்தன்தான் ரொடரிகோவுக்குக் காட்டப்பட்ட காஸியோ.

நான்காம் அங்கத்தில் ரொடரிகோ விழித்துக்கொள்ளும் நேரம் வந்துவிடுகிறது. நீ என்னிடம் வாங்கிய நகைகள் ஒரு துறவுப் பெண்ணின் மனத்தைக்கூடப் பாதி கலைத்திருக்கும். எனக்கோ ஒரு பதில்கூட வரவில்லை. நானே நேரில் டெஸ்டிமோனாவிடம் போகிறேன், நகைகளைத் திருப்பிக் கொடுத்தால் என் தவறுக்கு வருந்தி விலகிக்கொள்கிறேன், இல்லையென்றால் உன்னிடம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறேன் என்று சீறுகிறான். நாடகத்திலே இயாகோ உண்மையில் ஆபத்துக்கு உள்ளாகும் சமயம் இது ஒன்று. ரொடரிகோ இருபது அடி நடந்து அந்தப் பெண்ணின் முன்னால் நின்றிருந்தால் சூழ்ச்சி அத்தனையும் அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். இயாகோ என்ன செய்கிறான்? கோபிக்கவில்லை, மறுக்கவில்லை. உன்னிடத்தில் இப்படியொரு வீரம் இருக்கிறது என்பதை இன்றுதான் கண்டேன், உன்மேல் எனக்கிருந்த மதிப்பு உயர்ந்துவிட்டது என்று புகழ்கிறான். நேற்றுவரை அசடன் என்று நடத்தப்பட்டவனுக்கு, அவனை ஏமாற்றியவன் வாயாலேயே வீரன் என்ற பட்டம் கிடைக்கிறது. ஐந்து அங்கங்களிலும் இயாகோ செய்த சாகசங்களில் இதற்கு மேலானதொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வீரத்தை இன்றிரவு காட்டு, காஸியோவைத் தீர்த்துவிடு, நாளைக்கு டெஸ்டிமோனா உன்னுடையவள் என்று சொல்லும்போது கோபம் கத்தியாக உருமாறிவிடுகிறது.

இருளில் காஸியோவுக்காகக் காத்து நிற்கும் அவன், இந்தக் காரியத்தில் தனக்குப் பெரிய நாட்டமில்லை என்றும், ஆனாலும் திருப்தியான காரணங்களை இயாகோ கொடுத்திருக்கிறான் என்றும் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். மோகத்தில் தொடங்கியவன் மோகமும் இல்லாத இடத்துக்கு வந்துசேர்ந்து, பிறன் கொடுத்த காரணத்துக்காகக் கொலை செய்யத் தயாராகிறான். அதே இருளில் இயாகோ வேறு கணக்குப் போடுகிறான்: யார் யாரைக் கொன்றாலும் லாபம், ரொடரிகோ பிழைத்தால் பொன்னையும் நகையையும் திருப்பிக் கேட்பான். காஸியோ தப்பி ரொடரிகோவைக் காயப்படுத்த, இயாகோ பின்னாலிருந்து காஸியோவின் காலை வெட்டிவிட்டு மறைகிறான். பிறகு விளக்கோடு வந்து, கொலைகாரனைத் தண்டிப்பவன்போல் ரொடரிகோவைக் குத்துகிறான். அப்போதுதான் அந்த அப்பாவிக்கு எல்லாம் விளங்குகிறது.

விளக்கம் வந்த பிறகு என்ன நடந்தது என்பதில் இரு கதைகளும் பிரிந்து செல்கின்றன. சுந்தரர் சங்கிலியாரோடு வாழ்ந்து, வசந்தகாலத் தென்றல் வீசியபோது திருவாரூர் விழாவையும் பரவையாரையும் நினைத்து மனம் தாங்காமல் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டிய கணமே இரு கண்களும் ஒளியிழந்தன. தூதர் தாமே சாட்சியாக இருந்த சபதத்துக்குத் தாமே தண்டனையும் விதித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. திருவெண்பாக்கத்தில், கோயிலில் இருக்கிறீரா என்று சுந்தரர் கசந்து கேட்க, இருக்கிறோம், நீ போய் வா என்ற பதிலும் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தன. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டபோது அந்தத் தலம் நீருக்குள்ளாகிக் கோயில் வேறிடம் பெயர்ந்தது. பிறகு காஞ்சியிலே இடக்கண்ணும் ஆரூரிலே வலக்கண்ணும் திரும்பின. ஊடியிருந்த பரவையாரிடமோ, சுந்தரர் மறுபடியும் அதே தூதரையே அனுப்பினார்! ஒரு முறை ஏமாற்றிய தூதரை மறுபடி நம்பியது பேதைமையா பக்தியா என்று கேட்டால், ஆண்டவனை ஓர் ஏவலாளாக நடத்துவதா என்று ஏயர்கோன் கலிக்காமர் கொதித்ததையும் சேர்த்தே சேக்கிழார் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு வாசகரைச் சேர்ந்தது.

தோழமையை இழந்து வருந்தியவர்களுக்கு ஒற்றியூர் புகலிடமாக இருந்திருக்கிறது என்பதற்குக் கல்லெழுத்தே சான்று. 949இல் தக்கோலப் போரில் மாண்ட சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு உற்ற துணைவராக இருந்த கேரள நாட்டு வல்லபர் என்பவர், போர்க்களத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்று உயிர் விடாமற்போன துயரத்தால் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு இங்கே மடத்தின் தலைவராக அமர்ந்தார். அவர் வழியில் வந்த இன்னொரு சதுரானன பண்டிதர் அருகிருக்க, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் இராஜாதிராஜ சோழன் இதே மகிழ மரத்தடி மண்டபத்தில் அமர்ந்து ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், ஸ்ரீபுராணத்தைக் கேட்டான் என்று மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. அரசன் ஒருவன், ஒருவர் சபதத்தில் சிக்கிய கதையை அது நடந்ததாகச் சொல்லப்படும் மரத்தின் கீழேயே உட்கார்ந்து கேட்டான் என்றால், இக்கதையை நம் முன்னோர் எவ்வளவு மதித்தார்கள் என்பது விளங்கும்.

சுந்தரருக்குத் திரும்பியதுபோல் ரொடரிகோவுக்குக் கண் திரும்பவில்லை. அவனுக்கு எஞ்சியது சட்டைப்பையில் இருந்த கடிதங்கள்தாம். காஸியோவைக் கொல்லும் ஏற்பாட்டைச் சொல்லும் ஒரு கடிதமும், இயாகோவுக்கு அனுப்ப எண்ணி அவன் குறைகளை எழுதிவைத்த இன்னொன்றும் கண்டெடுக்கப்படுகின்றன. இயாகோவின் மனைவி எமிலியாவின் வாக்குமூலத்தோடு இவையும் சேர்ந்துதான் இயாகோவின் சூழ்ச்சியை முழுமையாக நிரூபிக்கின்றன. ஒதெல்லோவால் கண்டுபிடிக்க முடியாததை, வெனிஸ் பிரபுக்களால் ஊகிக்க முடியாததை, எல்லோராலும் முட்டாள் என்று தள்ளப்பட்டவனின் எழுத்து வெளிக்கொணர்ந்தது. நேரில் சொல்லியும் பயன்படாத குறைகளை அவன் எழுதியாவது வைத்தான்.

தமிழில் 'ஒதெல்லோ' என்றவுடன் பலருக்கும் நினைவு வருவது 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்துக் காட்டிய அந்தக் கொலைக் காட்சிதான். கல்லூரி விழாக்களிலும் அந்த ஒரு காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது. நேரம் போதாது என்று நாடகத்தைச் சுருக்குகிறவர்கள் முதலில் கத்தரிப்பது ரொடரிகோவை. அவன் இல்லாத மேடையில் இயாகோ வானத்திலிருந்து குதித்த ராட்சஸனாகிவிடுகிறான். அவன் இருக்கும்போதுதான் இயாகோ நம் தெருவில் அட்வான்ஸ் வாங்கும் மனிதனாகத் தெரிகிறான். ஆகையால் இந்த நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற நினைக்கும் நண்பர்களுக்கு, சிறப்பாக இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள இளைஞர் குழுக்களுக்கு, என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வேறு எந்தக் காட்சியைக் குறைத்தாலும் குறையுங்கள், நான்காம் அங்கத்தில் ரொடரிகோ நகைகளைத் திருப்பிக் கேட்கும் காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பாத்திரத்துக்குக் கோமாளி நடிகரைத் தேடவேண்டாம்; உங்கள் குழுவில் மிக நல்ல நடிகருக்கே அதைக் கொடுங்கள்.